கமிட் பட்டியலில் இல்லாத உழைப்பு: ஒரு தன்னார்வலர் விலகியபோது நடந்தவை

## ஏன் இதைப் பதிவு செய்கிறேன்

அட்டவணைக் கோப்புகளைத் திறந்து, சுத்தம் செய்து, ஒன்றோடு ஒன்று இணைத்துத் தரும் ஒரு திறந்த மூல மென்பொருளை நாங்கள் ஐந்து பேர் பராமரித்து வருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவரவர் வேலையும் குடும்பமும் போக மிச்சமாகும் நேரத்தில் செய்வதுதான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு இருந்த ஒரு தன்னார்வலர் ஒரு நாள் விலகிக்கொண்டார். நிரல் வரிகளை எண்ணினால் அவர் பங்கு மிகச் சொற்பம். ஆனால் அவர் போன பிறகுதான் இந்த மென்பொருள் யார் தோளில் நின்றுகொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரிய வந்தது.

இதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். வரைவைப் படித்து இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார். இரண்டையும் அவர் சொன்னபடியே மாற்றிவிட்டேன். மென்பொருளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். இதே நிலை வேறொரு குழுவில் இப்போது நடந்துகொண்டிருக்கலாம், அந்தக் குழுவுக்கே தெரியாமல். அதனால் எங்கள் தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

## பின்னணி

எங்கள் வேலைமுறை பெரும்பாலான திறந்த மூலத் திட்டங்களில் இருப்பதுதான். பயனர் ஒரு கோளாறைக் கண்டால் இஷ்யூ, அதாவது ஒரு புகார்ப் பதிவு, திறப்பார். யாராவது அதைப் படித்து, சரிசெய்து, அந்தத் திருத்தத்தைச் சேர்க்கக் கோரி புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார். எங்களில் ஒருவர் ரிவ்யூ செய்து (சரிபார்த்து) மெர்ஜ் செய்வார் (நிரலோடு சேர்ப்பார்). ஆண்டுக்கு மூன்று ரிலீஸ், அதாவது புதிய பதிப்பு வெளியீடு. ஐந்து பேரும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் இணையவழியில் கூடி, அடுத்து என்ன செய்வது என்று பேசி முடிவெடுப்போம்.

அந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்தும் சிலரை அழைப்போம். யாரை அழைப்பது என்பதற்கு எளிய வழி ஒன்று வைத்திருந்தோம். நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் ஷார்ட்லாக் என்று ஒரு கட்டளை உண்டு. யார் எத்தனை கமிட் (பதிவு செய்த நிரல் மாற்றம்) செய்திருக்கிறார் என்று வரிசைப்படுத்திக் காட்டும். அதில் முதல் பன்னிரண்டு பேருக்கு அழைப்பு. யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இதில் இடமில்லை, ஆகவே நியாயமான முறை என்று நம்பினோம். பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு வேர் அந்த ஒற்றைக் கட்டளையில் இருக்கிறது.

அந்தத் தன்னார்வலர் முதலில் ஒரு பயனராகத்தான் வந்தார். ஒரு கோப்பைத் திறந்தால் மேற்குறி போட்ட எழுத்துகளெல்லாம் சிதைந்து தெரிகின்றன என்று இஷ்யூ எழுதியிருந்தார். கோப்பு விண்டோஸ்-1252 குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருந்தது. எங்கள் நிரல் அதை யுடிஎஃப்-8 என்ற வேறொரு குறிமுறை என்று எடுத்துக்கொண்டு படித்தது. பழக்கமான பிரச்சினைதான். ஆனால் அவர் எழுதியிருந்த விதம் அப்படி இல்லை. சொந்த விவரங்களை நீக்கிய மாதிரிக் கோப்பு, செய்த படிகள், கூடவே இரண்டு பழைய பதிப்புகளையும் நிறுவிப் பார்த்து எந்தப் பதிப்பிலிருந்து இது தொடங்கியது என்ற தகவல். எங்களில் ஒருவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். தேடும் வேலை முழுவதையும் அவரே முடித்திருந்தார்.

அப்புறம் அவர் மற்றவர்களின் இஷ்யூக்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். இந்த வேலையைச் செய்து பார்க்காதவர்களுக்கு அதன் கனம் தெரியாது. 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி வரும். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், கோப்பின் முதல் ஐந்து வரிகள் எப்படி இருக்கின்றன என்று பொறுமையாகக் கேட்பார். பாதிப் பேர் பதில் தர மாட்டார்கள். பதில் வந்தால் அதைத் தன் கணினியில் செய்து பார்ப்பார். ஏற்கெனவே வந்த இஷ்யூ என்றால் அதோடு இணைப்பார். 'தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகிறது' என்று வரும் புகார் எங்களுக்கு ஓயாத தலைவலி. அட்டவணையின் அந்தப் பத்தியை (நெடுவரிசையை) எண் என்று நிரல் ஊகிப்பதால் வருவது அது. ஓர் அமைப்பை மாற்றினால் போதும். நாற்பதாவது முறை கேட்டவருக்கும், முதல் முறை கேட்டவருக்குச் சொன்ன அதே பொறுமையோடு அவர் விளக்கியிருக்கிறார். இன்று எங்கள் இஷ்யூப் படிவத்தில் இருக்கும் கேள்விகள் அத்தனையும் அவர் எழுதியவை.

ரிலீசுக்கு முந்தைய வாரங்களில் இன்னொன்றும் செய்தார். வெள்ளோட்டப் பதிப்பு வந்ததும் தன்னிடம் இருந்த ஒரு பழைய விண்டோஸ் கணினியில் நிறுவி, பயனர்கள் அனுப்பிய விசித்திரமான கோப்புகளைத் திறந்து பார்ப்பார். எண்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். அப்படி ஒரு தொகுப்பு இருப்பது எங்கள் ஐவரில் யாருக்கும் தெரியாது. வெள்ளோட்டப் பதிப்பு வந்து இரண்டு மூன்று நாளில் அவரிடமிருந்து ஒன்றிரண்டு இஷ்யூக்கள் வரும். நாங்கள் சரிசெய்வோம். ரிலீஸ் போகும். நம் வெளியீடுகள் பெரிய கோளாறு இல்லாமல் போகின்றன என்று எங்களுக்குள் பெருமை வேறு.

## விலகல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு அரட்டையில் மூன்று வரி எழுதினார். இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், எல்லோருக்கும் நன்றி, கையில் இருந்த இஷ்யூக்களுக்கு லேபிள் போட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நாங்கள் நன்றி சொன்னோம். இதயக் குறிகள் போட்டோம். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று ஒருவர் எழுதினார். பத்து நிமிடத்தில் பேச்சு வேறு புல் ரிக்வெஸ்டுக்குப் போய்விட்டது. ஏன் போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தன்னார்வலர்கள் வருவார்கள், போவார்கள், அது இயல்பு என்பது எங்கள் எண்ணம். இயல்புதான். ஆனால் மூன்று ஆண்டு இருந்தவர் போகும்போது ஒரு கேள்வி கேட்பதும் இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

## அடுத்த ஐந்து மாதங்களில் கண்டவை

முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவர் லேபிள் போட்டு வைத்த இஷ்யூக்களே எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. நிரல் எழுத உட்கார்ந்தால் எந்த இஷ்யூவை எடுப்பது என்று தெரியவில்லை. ஒன்றைத் திறந்தால் விவரம் பாதி இருக்கும். ஒரே கோளாறைப் பற்றி ஆறு பேர் ஆறு இடத்தில் எழுதியிருந்தார்கள். எங்களில் இருவர் தனித்தனியாக அதே கோளாறைச் சரிசெய்யத் தொடங்கி ஒரு வார இறுதியை வீணாக்கினோம். முதல் பதிலுக்கு இரண்டு நாளுக்கு மேல் காத்திராத பயனர்கள் இரண்டு மூன்று வாரம் காத்திருந்தார்கள். குரலில் சூடு ஏறியது. அந்தச் சூட்டைப் பார்த்து நாங்கள் இஷ்யூப் பக்கத்தைத் திறப்பதையே தள்ளிப்போட்டோம்.

மூன்றாம் மாதம் ரிலீஸ் வந்தது. வெள்ளோட்டப் பதிப்பை வெளியிட்டு இரண்டு வாரம் வைத்திருந்தோம். ஒரு புகாரும் வரவில்லை. நல்ல அறிகுறி என்று நினைத்து வெளியிட்டுவிட்டோம். யாருமே அதைச் சோதிக்கவில்லை என்பதுதான் அந்த அமைதிக்குக் காரணம்.

வெளியான நான்காம் நாள் தெரிந்தது. சில மென்பொருள்கள் யுடிஎஃப்-8 கோப்பைச் சேமிக்கும்போது அதன் தொடக்கத்தில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட்டுகளைச் சேர்க்கும். எக்செலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அப்படித்தான் வரும். கோப்பு படிக்கும் பகுதியை நாங்கள் வேகத்துக்காக மாற்றி எழுதியிருந்தோம்; புதிய நிரல் அந்த மூன்று பைட்டுகளைத் தவிர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அவை முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. திரையில் பார்த்தால் பெயர் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பத்தியை வைத்து இரண்டு கோப்புகளை இணைத்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது, வெற்று அட்டவணை வரும். சிலர் அந்த வெற்று விளைவை அப்படியே அடுத்த கட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

திருத்தம் ஒரே வரிதான். ஆனால் விலகியவரின் தொகுப்பில் அப்படிப்பட்ட கோப்புகள் ஒன்பது இருந்தன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வெள்ளோட்டப் பதிப்பின் முதல் நாளே அவர் பிடித்திருப்பார்.

## முதலில் எடுத்த முடிவு

திறந்த இஷ்யூக்களின் எண்ணிக்கை எங்களை அழுத்தியது. அறுபது நாள் அசைவில்லாத இஷ்யூக்களைத் தானாக மூடும் ஒரு பாட்டை (தானியங்கி நிரலை) சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். நானும் ஆதரித்தேன். முக்கியமானவை என்றால் பயனரே மீண்டும் திறப்பார், மற்றவை தானாக உதிரும் என்பது எங்கள் வாதம். பல திட்டங்களில் இருக்கும் வழக்கம், ஒரு மணி நேர வேலை.

முதல் ஓட்டத்திலேயே இருநூறுக்கும் மேல் மூடியது. பட்டியல் சுருங்கியதில் எங்களுக்கு ஒரு நிம்மதி, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூடப்பட்டவற்றில் ஒன்று, வட்டில் இடம் தீர்ந்த நிலையில் சேமித்தால் மூலக் கோப்பே பாதியில் வெட்டுப்பட்டுப் போகிறது என்ற புகார். தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டுப் பெயர் மாற்றுவதற்குப் பதிலாக நாங்கள் மூலக் கோப்பின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தோம். தரவு அழியும் கோளாறு. எழுதியவர் எல்லா விவரமும் கொடுத்திருந்தார். அறுபது நாளாகப் பதில் சொல்லாதது நாங்கள். 'நடவடிக்கை இல்லாததால் மூடப்படுகிறது' என்று அவருக்குப் பதில் சொன்னது பாட். யாரிடம் நடவடிக்கை இல்லை என்று அவர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஏழு வாரத்தில் பாட்டை நிறுத்தினோம். மூடியவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் திறக்க இரண்டு வார இறுதிகள் போயின. அந்தப் பயனர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. பாட் எல்லா இடத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்ட விவரத்துக்குப் பயனர் பதில் தராத இஷ்யூவை மூட அது உதவலாம். எங்கள் மௌனத்துக்கு அவரைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தினோம், அதுதான் பிழை.

## அவரிடம் கேட்டபோது

இஷ்யூக்களைக் கையால் திறந்துகொண்டிருந்த அந்த வார இறுதிகளில்தான், பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பதில்களைப் படித்தேன். மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக வரிசையாகப் படித்தேன் என்பதே உண்மை. திரும்ப அழைக்கலாமா என்று குழுவில் பேச்சு எழுந்தது. இருவர் அழைக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அவர் போன காரணம் எதுவும் மாறாமல் வாருங்கள் என்பது, மறுபடியும் சுமையைத் தூக்குங்கள் என்று சொல்வதற்குச் சமம். கடைசியில் நான் ஒரு மடல் எழுதினேன். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, திரும்பி வரச் சொல்லவும் இல்லை என்று.

ஒன்பது நாள் கழித்து நீண்ட பதில் வந்தது. கோபம் இல்லாத மடல். அது படிக்க இன்னும் கடினமாக இருந்தது.

இரண்டு முறை அவர் நிரல் அனுப்பியிருந்தார். முதலாவதை எங்களில் ஒருவர் கொஞ்சம் மாற்றி எழுதித் தன் பெயரிலேயே கமிட் செய்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, அவசரம். ஆனால் ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று இரண்டு பெயர்களைக் கிட் தனித்தனியாக வைக்கிறது. 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவின் பராமரிப்புக்காக அதை உருவாக்கியபோது, ஒருவர் அனுப்பும் திருத்தத்தை இன்னொருவர் சேர்ப்பதுதான் அன்றாட வழக்கம். அதனால் வந்த ஏற்பாடு அது. எழுதியவர் இடத்தில் அவர் பெயரைப் போட ஒரே ஒரு அமைப்புப் போதும். நாங்கள் போடவில்லை. இரண்டாவது புல் ரிக்வெஸ்ட் ஐந்து மாதம் ரிவ்யூ இல்லாமல் கிடந்து, இடையில் நிரல் மாறியதால் பொருந்தாமல் போய், அவரே மூடிவிட்டார்.

அதனால் ஷார்ட்லாக் பட்டியலில் அவர் மேலே வரவே இல்லை. மூன்று ஆண்டும் கூட்டத்துக்கு அழைப்பு போகவில்லை. பயனர்களின் பிரச்சினைகளைப் பற்றி நாங்கள் இரண்டு நாள் பேசியபோது, அவற்றை எங்கள் எல்லோரையும் விட நன்றாக அறிந்தவர் வெளியே இருந்தார்.

அவருக்கு மிகவும் வலித்தது வேறொன்று. 'பராமரிப்பாளர் முடிவு தேவை' என்று லேபிள் போட்டு அவர் எங்களிடம் விட்ட இஷ்யூக்களில் பாதிக்கும் மேல் எங்களிடமிருந்து பதிலே இல்லை. பயனர் அவரிடம்தான் கேட்பார். அவர்தான் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பார், எங்கள் சார்பில். கதவருகே நின்று பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு, கதவைத் திறக்கும் அதிகாரம் எங்களுக்கு.

கடைசியாக ஓர் இரவு. ஒரு பயனர் அவரை மிகக் கேவலமாகத் திட்டி எழுதினார். அவர் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு, எங்களில் யாராவது ஒரு வார்த்தை சொல்வோமா என்று பார்த்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. அந்த இஷ்யூ எனக்கு நினைவிருக்கிறது. அதை அன்றிரவே படித்தேன். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக் கண்டும் காணாமல் போனேன். அவர் விலகியது அதிலிருந்து சரியாக ஆறு வாரம் கழித்து.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

மடலை அவர் அனுமதியோடு ஐந்து பேரும் படித்தோம். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் பேசினோம்.

பெரிய விவாதம் உரிமையைப் பற்றியது. இஷ்யூக்களைப் பார்ப்பவர்களுக்கு அதிகாரம் தர வேண்டும் என்றபோது, முகம் பார்க்காதவர்களுக்கு எப்படித் தருவது என்று ஒருவர் கேட்டார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2018-இல் ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை, பராமரிக்க முன்வந்த ஒருவரிடம் அதை எழுதியவர் நம்பி ஒப்படைத்தார். வந்தவர் அதற்குள் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை நுழைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைய வைத்த வழி) இருப்பதை உலகுக்குச் சொன்னார். வேறொரு கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற இணைப்பு முறை வழியாக நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. அதை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கை பெற்றவர்.

இவற்றைச் சொல்லி உரிமையே தரக்கூடாது என்று வாதம் வந்தது. எனக்கு அதே நிகழ்வு வேறொன்றையும் சொன்னது. எக்ஸ்இசட் மென்பொருளைத் தனியாளாகப் பராமரித்து வந்தவர் களைத்துப் போயிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று 2022-இல் அவரை நெருக்கினார்கள். அந்தக் களைப்பின் வழியாகத்தான் கதவு திறந்தது. ஆகவே தன்னார்வலர் களைத்துப் போவதும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினைதான். நான்கு பேர் பகிர்ந்து சுமக்கும் வேலையில் அப்படி நெருக்குவது கடினம்.

முடிவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழி எளியது. நிரலை மாற்றும் உரிமை இல்லாமல், லேபிள் போடவும் இஷ்யூவை மூடவும் திறக்கவும் மட்டும் உரிமை தரும் 'ட்ரையாஜ்' என்ற நிலை, நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே இருக்கிறது. அதைத் தாராளமாகக் கொடுப்பது. மெர்ஜுக்கும் ரிலீசுக்கும் இரண்டு பேர் ஒப்புதல் என்று இறுக்குவது. விலகியவருக்கு அந்த நிலையைக்கூட நாங்கள் கொடுத்தது இரண்டாம் ஆண்டின் கடைசியில்தான். அதுவரை லேபிளை மாற்றவும் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து, 'முடிவு தேவை' லேபிள் விழுந்தால் பதினான்கு நாளுக்குள் ஒரு பராமரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். 'இப்போது முடியாது' என்பதும் பதில்தான். திட்டு வந்தால் முதலில் பார்க்கும் பராமரிப்பாளர் உடனே தலையிட வேண்டும், திட்டு வாங்கியவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பெயர் விஷயத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. லினக்ஸ் கருவின் கமிட் செய்திகளில் கோளாறைச் சொன்னவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை', சோதித்தவருக்கு 'டெஸ்டட்-பை' என்று தனித்தனி வரி போடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். கூட்டத்துக்கான அழைப்பை ஷார்ட்லாக்கிலிருந்து பிரித்தோம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 2010-இலேயே வாக்கெடுப்பு நடத்தி, மென்பொருள் தொகுப்பு எதுவும் செய்யாத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக, வாக்குரிமையோடு ஏற்றுக்கொள்ள முடிவு செய்தது. அவ்வளவு பெரிய சமூகம் அன்றே யோசித்த ஒன்றை ஐந்து பேர் கொண்ட நாங்கள் யோசிக்கவில்லை.

அவருடைய முதல் திருத்தத்தில் பெயரை மாற்ற முடியுமா என்று பார்த்தோம். முடியாது. ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதற்கு முந்தையதைச் சார்ந்தது. பழைய ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின் வந்த எல்லாம் மாறி, உலகெங்கும் உள்ள பிரதிகள் பொருந்தாமல் போகும். அதனால் ஆசிரியர் பட்டியல் கோப்பில் அந்தக் கமிட்டைக் குறிப்பிட்டு, எழுதியவர் அவர் என்று பதிவு செய்தோம். அடுத்த ரிலீஸ் குறிப்பிலும் எழுதினோம். மாற்றி எழுதிய பராமரிப்பாளர் தனியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

நன்கொடையாக வந்த சிறு தொகையிலிருந்து இந்த வேலைக்குப் பணம் தரலாமா என்றும் பேசினோம். உடன்பாடு வரவில்லை. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விடுவது எப்படி என்ற கேள்வியில் நின்றது, இன்றும் அங்கேயே நிற்கிறது.

## பின்னர் நடந்தவை

முதலில் ஐந்து பேரும் வாரம் ஒருவராக இஷ்யூக்களைப் பார்ப்பது என்று தொடங்கினோம். இரண்டு மாதத்தில் அது குலைந்தது. இருவர் தங்கள் வாரத்தைத் தவறவிட்டார்கள். அதில் ஒருவன் நான். நிரல் எழுதும் ஆர்வத்தில் வந்தவர்களிடம் இந்த வேலையைக் கடமையாகத் திணித்தால் அது ஒதுக்கித் தள்ளப்படும். அதை விரும்பிச் செய்பவர்கள் வேறு ஆட்கள்.

அப்புறம் நன்றாக இஷ்யூ எழுதும் பயனர்களைத் தேடி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினோம். பொதுவான அறிவிப்பு ஏற்கெனவே போட்டிருந்தோம், ஒருவரும் வரவில்லை. 'நீங்கள் எழுதிய இந்த இஷ்யூ எங்களுக்கு இவ்வாறு உதவியது' என்று குறிப்பிட்டு எழுதிய பதினொரு மடல்களுக்கு நான்கு பேர் சரி என்றார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். முதல் பதில் நான்கைந்து நாளுக்குள் வரத் தொடங்கியது. பழைய வேகம் இல்லை. ஒரே ஆள் தன் தூக்கத்தைக் கொடுத்து நிலைநிறுத்திய அந்த வேகத்தை மறுபடி எதிர்பார்க்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

கேட்டதும் அவர் தன் கோப்புத் தொகுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் பல கோப்புகள் பயனர்கள் அவரை நம்பித் தனியாக அனுப்பியவை. அவற்றை அவர் தரவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அனுப்பியவர் சம்மதம் இருந்த முப்பத்தொன்று மட்டும் சோதனைத் தொகுப்பில் சேர்ந்தன. பிஓஎம் கோப்புகள் அதில் உண்டு. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் அவை தானாக ஓடுகின்றன. அடுத்த இரண்டு ரிலீஸ்களில் குறிமுறைக் கோளாறு வெளியே போகவில்லை.

நால்வரில் ஒருவர் மூன்று மாதத்தில் நிறுத்திக்கொண்டார். வேலை மாறியதுதான் காரணம். இந்த முறை கேட்டோம், சொன்னார். தான் பார்த்துக்கொண்டிருந்தவற்றை ஒரு பக்கம் எழுதி மற்றவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் விலகியவர் திரும்பி வரவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு அழைத்தோம். முதல் நாள் ஒரு மணி நேரம் வந்தார், பயனர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பேசினார், நன்றி சொல்லிப் போனார். அடுத்த ரிலீசின் முதல் மூன்று பணிகள் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து வந்தவை.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

அவர் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ட்ரையாஜ் உரிமையைக் கொடுத்திருப்பேன். ரிலீஸ் ஒவ்வொன்றுக்கும் பிறகு, கமிட் எண்ணிக்கையைப் பார்க்காமல், இந்த நான்கு மாதத்தில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஐவரும் நினைவிலிருந்து எழுதி ஒப்பிட்டிருப்போம். இப்போது அதைச் செய்கிறோம். முதல் முறை செய்தபோது, ஆவணங்களின் படங்களை ஒருவர் இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பித்து வருவது மூன்று பேருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

திட்டு வந்த இரவில் நான் செய்யாததை மாற்ற வழியில்லை. இப்போது எனக்கு அப்படிப்பட்ட ஒன்று கண்ணில் பட்டால், கையில் இருக்கும் ரிவ்யூவை விட்டுவிட்டு முதலில் அங்கே போகிறேன். இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள், ஒருவரைத் தடை செய்தோம், ஒருவர் பதில் சொல்லவில்லை.

பதினான்கு நாள் விதியை நாங்கள் எப்போதும் காப்பாற்றுவதில்லை. கடந்த ரிலீஸ் காலத்தில் ஏழு இஷ்யூக்கள் தவறின. தவறியவற்றின் பட்டியலை ரிலீஸ் குறிப்பின் கீழேயே போடுகிறோம், ட்ரையாஜ் செய்பவர்கள் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கும் நிலை வரக்கூடாது என்பதற்காக.

பழைய விண்டோஸ் கணினியில் வெள்ளோட்டப் பதிப்பை நிறுவிச் சோதிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தானியங்கிச் சோதனை கோப்பு படிப்பதைப் பார்க்கும். நிறுவும்போது வரும் தடையையோ மெதுவான கணினியில் திரை உறைவதையோ பார்க்காது. இப்போதைக்கு ரிலீசுக்கு முந்தைய வாரம் இரண்டு மாலைகளை ஒதுக்கி நானே செய்கிறேன். அவர் எவ்வளவு நேரம் செலவிட்டிருப்பார் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறேன். கடைசி முறை ஆறு மணி நேரம் ஆனது.